தெரிந்தவர்கள் வலது கை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் பள்ளிக் காவலாளிக்குக்கூடத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வீடு கே.கே. நகரில். மெட்ரோவுக்காக லஸ் முழுவதையும் தோண்டிப் போட்டதில் இருந்து, பேருந்து எந்தத் தெருவில் சுற்றி எந்த முனையில் இறக்கிவிடும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். தகரத் தடுப்புகளை ஒட்டி வேர்த்து விறுவிறுத்து நடந்து, முதல் பீரியடுக்குள் நுழைவதற்குள் யார் மீதாவது எரிந்து விழுந்திருப்பேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு என்னைப் பற்றிப் பெருமை உண்டு. பிள்ளைகளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிற ஆசிரியை இல்லை நான். கத்துவேன், திட்டுவேன், சாக்பீஸ்கூட எறிவேன். அவமானப்படுத்த மாட்டேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக என்னிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற நாளில் பல பள்ளிகளில் செய்கிற தந்திரம்தான் அது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவார். அந்தப் பிள்ளை டக்கென்று பதில் சொல்லும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, அடடா, வகுப்பே என்ன துடிப்பாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு காபி குடிக்கப் போவார். இதை வருடத்துக்கு ஒரு நாள் நடக்கிற நாடகமாக வைக்காமல் தினசரி வழக்கமாக்கியவள் நான்தான்.

காரணம் நல்ல காரணம்தான், அல்லது அப்போது அப்படித் தோன்றியது. தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்கினால் தெரியாத பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, மிஸ் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பெஞ்சுக்குள் புதைந்துகொள்ளும். எல்லோரும் கை தூக்கினால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. இடது கைகளை நான் எழுப்ப மாட்டேன். அது அவர்களுக்கும் எனக்குமான ஒப்பந்தம். ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே கதவைச் சாத்திவிட்டு இதைச் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே வராது. ஒரு வாரத்தில் கைகள் தாமாகவே பழகிவிடும். ஆசிரியர் அறையில் சாப்பிடும்போது இதைப் பற்றி வாய் ஓயாமல் அளந்திருக்கிறேன். கணக்கு மிஸ் ஒருமுறை, "உங்க கிளாஸ்ல ஃபேன் காத்தே வேணாம், கை ஆட்டுற காத்தே போதும்" என்று கிண்டலடித்தார். எனக்கு அதுகூடப் பாராட்டாகத்தான் கேட்டது.

போன ஆகஸ்டில் அந்த வகுப்புக்கு ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். அதுவரை வடசென்னையில் படித்தவள். குடும்பம் அவளுடைய அம்மா பிறந்த பட்டினப்பாக்கத்துக்கே குடிவந்துவிட்டதால் இந்தப் பள்ளி. அம்மா அங்கே மீன் கடை போட்டிருக்கிறார். கப்பலில் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று அந்தப் பெண் சேர்க்கையின்போதே தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் படிப்புக்கு இயற்பியலும் கணக்கும் இல்லாமல் முடியாது. தலைமை ஆசிரியை அரை மனதோடுதான் முதல் குரூப்பில் இடம் கொடுத்தார். "இவ்ளோ லேட்டா வந்திருக்கா. தாக்குப்பிடிக்கலேன்னா காமர்ஸுக்கு மாத்திடலாம். நீங்க பாத்துண்டு சொல்லுங்கோ" என்று என்னிடம் சொன்னார். எந்தப் பாடத்தில் தடுமாறுவாள் என்று கேட்டால் எல்லோரும் இயற்பியலைத்தான் காட்டுவார்கள் என்பதால், அவள் தலையெழுத்து என் வாயில் வந்து நின்றது.

முதல் நாளே கேள்வி கேட்டேன். மொத்த வகுப்பும் கை தூக்கியது. அவளும் தூக்கினாள், இடது கை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வந்த அன்றே தெரியாது என்று ஒளிக்காமல் சொல்கிறாளே, நேர்மையான பெண் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இடது கை. அதற்கடுத்த நாளும். சரி, பாதியில் வந்தவள், பழக நாளாகும் என்று விட்டுவிட்டேன். ஆனால் சில கேள்விகளுக்கு அவள் கையையே தூக்க மாட்டாள். வகுப்பு முழுவதும் கை உயர்ந்திருக்கும், இவள் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. தெரியாவிட்டால் இடது கையைத் தூக்க வேண்டியதுதானே, அதைக்கூடச் செய்ய முடியாத அளவுக்கு என்ன திமிர் என்று நினைத்தேன். "கை வலிக்குதாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "இல்ல மிஸ்" என்றாள். "அப்ப தூக்கு" என்றேன். திருதிருவென்று விழித்தாள். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

செப்டம்பரில் குறிப்பாயம் என்ற இடத்துக்குத் திரும்பவும் வந்தோம். புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கும், ஆங்கில வழிப் பிள்ளைகள் ஃப்ரேம் என்பார்கள். நகர்கிறது, நிற்கிறது என்று தனியாக எதுவும் கிடையாது, எங்கிருந்து பார்க்கிறோம் என்று சொன்னால்தான் அந்தச் சொற்களுக்கே அர்த்தம் வரும் என்பதுதான் அதன் சாரம். முதல் தடவை அதை ஜூனில் எடுத்தேன். இப்போது அதன் மேல் விசைகளைக் கட்ட வேண்டும். எனக்குப் பிடித்த பாடம் இது. இதை நடத்தும்போது மட்டும் எனக்குக் கோபம் வராது. கம்ப்யூட்டர் அறையில் இருந்து சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். அதில் நான் உட்கார்ந்துகொள்ள, இரண்டு பேர் என்னை வராந்தாவில் ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். நான் ஒரு ரப்பர் பந்தை நேராக மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே போனேன். எனக்கு அது நேரே ஏறி நேரே இறங்கியது. சுவரோரம் நின்றவர்களுக்கு வில் மாதிரி வளைந்து போனது. "எது நிஜம் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். "நீ எங்க நிக்கிற, அதச் சொல்லு மொதல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வகுப்பு அது.

அதற்கப்புறம், பந்து காற்றில் இருக்கும்போது நாற்காலியைச் சட்டென்று நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். பந்து எனக்கு முன்னால் போய் விழுந்து குடிதண்ணீர்க் குழாய் வரைக்கும் உருண்டது. நானும் அதன் பின்னாலேயே போயிருப்பேன், ஒரு செருப்பு கழன்றதோடு தப்பித்தேன். வேதியியல் சார் தன் வகுப்பில் இருந்து எட்டிப் பார்த்து, "டீச்சர், இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார்.

வகுப்புக்குள் வந்ததும், "பந்து ஏன் முன்னால போச்சு?" என்று கேட்டேன். அத்தனை கைகளும் எழுந்தன. அந்தப் புதுப் பெண் பாதி எழுந்தே விட்டாள். இடது கையை ஆட்டி ஆட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள். தெரியாது என்பதை இவ்வளவு உற்சாகமாகச் சொல்கிற ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா. "போதும்மா, இறக்கு. நீ சொல்றது நல்லாவே தெரியுது" என்றேன். வகுப்பு குபீரென்று சிரித்தது. அவள் கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வகுப்பின் முதல் ரேங்க் மாணவனை எழுப்பினேன். அவன் சொன்னான், நாற்காலி நின்றது, ஆனால் பந்துக்கு ஏற்கெனவே இருந்த வேகத்தை யாரும் நிறுத்தவில்லை. சரியான பதில். கைதட்டினோம்.

அடுத்த வாரம் வகுப்புத் தேர்வு. அதில் ஒரு கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். ஓடும் பேருந்தில் நிற்கிற ஒருவர் பந்தை நேரே மேலே எறிகிறார். பந்து மேலே இருக்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுகிறார். பந்து எங்கே விழும்? வராந்தாவில் பார்த்ததை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் எல்லோரும் முன்னால் என்று எழுதியிருந்தார்கள். யோசித்தால் பின்னால் என்று வரும். பேருந்து வேகமெடுக்கிறது, பந்துக்குப் பழைய வேகம்தான், அது பின்தங்கிவிடும். விடைத்தாள்களைத் திருத்தியபோது இரண்டே பேர்தான் பின்னால் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் முதல் மாணவன். இன்னொருத்தி அவனுக்கு அடுத்த வரிசையில் உட்காரும் இந்தப் பெண். படம்கூடப் போட்டிருந்தாள்.

படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தாலே போதும். முதல் மாணவன் படமே போடவில்லை, இவள் எங்கிருந்து பார்த்து வரைந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்கும். தோன்றவில்லை. தினமும் இடது கை தூக்குகிறவளுக்கு இது எப்படித் தெரியும் என்பது மட்டும்தான் தோன்றியது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளை எழுப்பி நிறுத்தினேன். "யாரப் பாத்து எழுதின?" என்றேன்.

"நானாதான் எழுதுனேன் மிஸ்."

"கிளாஸ்ல ஒரு நாளாவது பதில் தெரியும்னு கை தூக்கி இருக்கியா நீ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் தூக்குறேனே மிஸ்" என்றாள்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என் முகத்தைப் பார்த்து, இத்தனை பேர் சாட்சியாக, கூசாமல் பொய் சொல்கிறாளே என்று ஆத்திரம். "பாத்து எழுதுறது ஒண்ணு, அதுக்கு மேல பொய் வேறயா? வெளிய போய் நில்லு" என்றேன். போனாள். மணி அடிக்கும் வரை வராந்தாவில் நின்றாள். அந்தப் பக்கமாகப் போன கணக்கு மிஸ் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன், விசாரித்தாயிற்று, முடிந்தது என்கிற மாதிரி. அன்று மதியமே தலைமை ஆசிரியையிடம் போய், இந்தப் பெண்ணுக்கு இயற்பியல் வராது மேடம், காப்பி வேறு அடிக்கிறாள், காமர்ஸுக்கு மாற்றிவிடுவதுதான் அவளுக்கே நல்லது என்று சொன்னேன். அவளுக்கே நல்லது என்று சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் காலை அவளுடைய அம்மா வந்தார். தலைமை ஆசிரியையின் அறையில் நான் ஒரு பக்கம், அம்மாவும் மகளும் எதிர்ப்பக்கம். அம்மா நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க பொண்ணு அடுத்தவாளப் பாத்து எழுதியிருக்கா. அதான் கூப்பிட்டோம். குரூப் மாத்திடலாம்னு மிஸ் சொல்றா" என்றார் தலைமை ஆசிரியை.

"அது அப்டியெல்லாம் செய்யாதும்மா. அத்த வுடுங்க, அது செஞ்சிச்சா இல்லியான்னு அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார். "நான் உங்களாண்ட வேற ஒண்ணு கேக்கணும் டீச்சர். தெனம் வூட்டுக்கு வந்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்துக்கினு கீது. இன்னாடின்னு கேட்டா, கையத் தூக்கிக்கினே கீறேன்மா, மிஸ் அல்லாரையும் கேக்குறாங்கோ, என்ன மட்டும் கேக்கவே மாட்டேன்றாங்கோ, பசங்க சிரிக்கிறாங்கோன்னுது. எம்மேல கவிச்சி அடிக்குதாம்மான்னு கேக்குது டீச்சர்."

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீ இருடி. காத்தால எழுந்து ஒரு வாட்டி குளிக்குது. கெளம்பறதுக்கு முன்ன மறுபடியும் குளிக்குது. கடைப் பக்கமே வர்றதில்ல. என் பொடவயும் அது யூனிபாரமும் ஒண்ணா ஊறப் போடக் கூடாதுன்னு எங்கிட்ட சண்ட. அப்டி எதுனா இருந்தா சொல்லுங்க டீச்சர். நான் கோச்சிக்க மாட்டேன். தனியா எங்கனா தங்க வெச்சிப் படிக்க வெக்கிறேன்."

நான் அவளை எழுப்பாதது அவள் தூக்கிய கையைப் பார்த்து. அதற்கும் மீன் வாடைக்கும் என்ன சம்பந்தம்? இந்த அம்மா எதையோ எதோடோ முடிச்சுப் போடுகிறார் என்றுதான் அந்த நிமிடத்திலும் நினைத்தேன். தலைமை ஆசிரியைதான் சங்கடமாக நெளிந்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீங்களா கற்பனை பண்ணிக்காதீங்கோ" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தி, "சரி, உனக்குத் தெரியும்னு சொல்றியோல்லியோ, அந்தக் கேள்விக்கு இப்ப இங்கயே பதில் எழுது பாப்போம்" என்று தன் பேனாவைக் கொடுத்தார்.

அவள் பேனாவை இடது கையில் வாங்கினாள். தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு பேருந்தை வரைய ஆரம்பித்தாள்.

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்பார்களே, அது வெறும் பேச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஜூனில் சொன்ன ஒப்பந்தம். ஆகஸ்டில் வந்த பெண். அவளிடம் யாருமே சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பதில் தெரிந்தபோதெல்லாம், பழக்கமான கையைத் தூக்கியிருக்கிறாள். தெரியாதபோது, எந்தப் பள்ளியிலும் எந்தப் பிள்ளையும் செய்கிற மாதிரி, தூக்காமல் இருந்திருக்கிறாள். அதைத்தான் நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை நாளாக அவள் எழுதுவதை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கரும்பலகையைப் பார்க்கிறேன், புத்தகத்தைப் பார்க்கிறேன், தூக்கிய கைகளைப் பார்க்கிறேன். எழுதுகிற கையை எப்போது பார்த்தேன்?

அவள் எழுதி முடித்தாள். தலைமை ஆசிரியை தாளை என்னிடம் நீட்டினார். நான் அதைப் படிக்கவில்லை. "சரிதான் மேடம். அவ பாத்து எழுதல. தப்பு என்னோடது" என்றேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பெண்ணுக்கு இடம் நிலைத்தாயிற்று, அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையில் இரண்டு தடவை குளித்துவிட்டு வருகிற பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அதனால் வலது கை, இடது கை விவகாரத்தை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். தலைமை ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். ஆய்வு நாளில் இந்த ஏற்பாட்டை எங்களுக்கு ஞாபகப்படுத்துகிறவரே அவர்தான். ஒரு வெளி ஆள் முன்னால் அதை நான் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "அய்ய, அவ்ளோதானா? பீச்சாங்கை பழக்கத்தாலதானா? நான் சின்னதுலயே அட்ச்சி மாத்தியிருக்கணும் டீச்சர்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு, மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மகள் சிரிக்கவில்லை. எதையோ மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். வராந்தா நாற்காலி, வகுப்பின் சிரிப்பு, கை வலிக்கிறதா என்று நான் கேட்டது, எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்திருக்கும். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எனக்கு எதுவுமே தெரியலன்னு நெனச்சீங்களா மிஸ்? இவ்ளோ நாளா?"

"ஆமாம்மா."

"அப்படி நெனச்சிருந்தா ஒரு நாளாவது கூப்ட்டு சொல்லித் தந்திருக்கலாமே மிஸ்."

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டாள். தெரியும் என்று தூக்கிய கையைத் தெரியாது என்று எடுத்துக்கொண்டது கண் செய்த பிழை என்று அதுவரை ஒரு சாக்கு என்னிடம் மிச்சம் இருந்தது. அவள் கேட்ட பிறகு அதுவும் போயிற்று. ஒரு பிள்ளை தினமும் கை தூக்கி எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று சொல்வதாக நம்பிக்கொண்டு, அவளைத் தாண்டித் தாண்டி அடுத்தவனிடம் பதில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அது போதாதென்று நேர்மையான பெண் என்று மனதுக்குள் சான்றிதழ் வேறு. "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

தலைமை ஆசிரியை பேச்சை முடித்துவைக்கிற அவசரத்தில், "சரி, விடுங்கோ. முதல் குரூப்பிலயே இருக்கட்டும். நீ கிளாஸுக்குப் போம்மா" என்றார். அவள் நகரவில்லை.

"மேடம், நான் பி செக்ஷனுக்குப் போகவா?" என்றாள்.

பி பிரிவுக்கு இயற்பியல் எடுப்பவர் வேறொரு சார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். அவளுடைய அம்மா, "ஏண்டி, அதான் மிஸ்ஸே சொல்லிட்டாங்களே" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். நான் குறுக்கிட்டு, "போகட்டும் மேடம். அங்கயே நல்லாப் படிப்பா" என்றேன். மகள் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, அம்மாவோடு வெளியே போனாள்.

மூன்றாவது பீரியடு என் வகுப்புதான். ஜன்னலோரத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. நடந்ததை மூடி மறைக்காமல் சொன்னேன். பிறகு, இனிமேல் வலது கை, இடது கை எதுவும் கிடையாது, புரியாதவர்கள் கை தூக்குங்கள், எந்தக் கையானாலும் சரி, ஆரம்பத்தில் இருந்து சொல்லித்தருகிறேன் என்றேன். ஒரு கையும் எழவில்லை. நான் காத்திருந்தேன். நாளெல்லாம் கைகளால் நிறைந்திருந்த வகுப்பு அப்படி வெறிச்சென்று இருந்து நான் பார்த்ததே இல்லை. வழக்கமாக இடது கை தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். "திட்ட மாட்டேன்" என்றேன். அதை யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை.

கடைசியில் இரண்டாவது பெஞ்சில் இருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் வலது கைக்காரி. ஜூனில் இருந்து அவள் இடது கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. வரிசையில் என் கண்ணுக்கு ஏனோ அவள் எப்போதும் தப்பிவிடுவாள், எழுப்பியதே இல்லை.

"மிஸ், ஃப்ரேம் ஆஃப் ரெஃபரன்ஸ்னா என்ன மிஸ்?" என்றாள்.

அது பாடத்தின் முதல் வரி. அதன் மேல்தான் நாற்காலி, பந்து, பேருந்து எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன்.

"நீ எப்பவும் வலது கைதானடி தூக்குவ?" என்றேன்.

"இடது கையத் தூக்குனா கிளாஸுக்கே தெரிஞ்சிடும்ல மிஸ்" என்றாள். "நீங்க கேக்கக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே வலது கையத் தூக்குவேன்."

பின்னால் இருந்து, "நானும் மிஸ்" என்றான் ஒருவன். அப்புறம் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை. ரகசியம் அதிகாரிகளுக்குத்தான் ரகசியம். வகுப்புக்குள் அத்தனை பேருக்கும் அது தெரியும் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தெரியாத பிள்ளையை ஒளித்துவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தெரியாது என்பதைத் தினமும் கை உயர்த்தி ஊருக்கு அறிவிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், வலது கையால்.

எந்தக் கணக்கும் பார்க்காமல், தெரிந்தால் தூக்கி, தெரியாவிட்டால் இறக்கி, என்னிடம் அன்றாடம் உள்ளதைச் சொன்னவள் அந்த வகுப்பில் ஒருத்திதான் இருந்தாள். அவளைத்தான் பொய் சொல்கிறாள் என்று வராந்தாவில் நிறுத்தினேன். பி பிரிவு எங்களுக்கு அடுத்த அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் உண்டு. சில நாட்களில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, "சார், ஒரு டவுட்டு" என்று அவள் குரல் கேட்கும். நான் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவள் கேட்டு முடித்த பிறகு தொடர்வேன்.